டயரில் காற்றை ஏன் இறக்க வேண்டும்? கடற்கரை மணலில் நான்கு சக்கர வண்டி

ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் எழுதிய விளக்கக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஹைலக்ஸ் ஓட்டுகிறார். அதனால் "நான்கு சக்கர இயக்க வண்டியைக் கரடுமுரடான பாதையில் ஓட்டும் முறை" என்று தலைப்பு வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தான். மொழி நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் பதினோரு "வேண்டும்" இருந்தது. மெதுவாகச் செல்ல வேண்டும், கவனமாக இருக்க வேண்டும், மணலில் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும்... எதற்கும் காரணம் இல்லை. கடைசி வரியின் அடியில் கோடு போட்டு "ஏன்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்து கேட்டான். "தெரியல டீச்சர். அப்பாதான் சொன்னாரு. நீங்களே சொல்லுங்களேன், ஏன்?"

வேறு யாராவது வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் "தேடிப் படிச்சிட்டு வா" என்று அனுப்பியிருப்பேன். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஓர் ஆண்டிறுதி விடுமுறையில், என் மகளும் அண்ணன் மகனும் பின்னிருக்கையில் இருக்க, கடல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கற்றுக்கொண்ட பதில் அது. அன்று வகுப்பில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள் கருத்துணர்தலுக்கோ விளக்கக் கட்டுரைக்கோ எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் ஆசிரியர் பக்கத்து மேசையில் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலையே கடற்கரையாக இருக்கும் தீவு

என் அண்ணன் பிரிஸ்பேனில் வேலை செய்கிறார். அங்கிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத்தில் கர்ரி தீவு இருக்கிறது. நம்ம சமையலறைக் கறி இல்லை. பட்சல்லா என்னும் பூர்வகுடி மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் அது. சொர்க்கம் என்று பொருள். நீண்ட காலம் ஃபிரேசர் தீவு என்று வரைபடங்களில் இருந்தது. 2023-இல் பழைய பெயரே அதிகாரபூர்வப் பெயராகத் திரும்பி வந்தது. முழுக்க மணலால் ஆன தீவுகளில் உலகிலேயே பெரியது இதுதான். நீளம் 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1992 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இருக்கிறது.

தீவுக்குப் பாலம் கிடையாது. இன்ஸ்கிப் முனையிலிருந்து தட்டையான படகில் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். போய் இறங்கினால் தார்ச்சாலை இல்லை. கிழக்குக் கரை முழுவதும் நீண்டு கிடக்கும் 75 மைல் கடற்கரைதான் நெடுஞ்சாலை. பேச்சுக்குச் சொல்லவில்லை, சட்டப்படியே அது சாலை. அதிகபட்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இருக்கை வார் போட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, போலீஸ் நிற்பார்கள். சிறிய விமானங்களும் அதே மணலில்தான் இறங்கி ஏறுகின்றன. வண்டிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சாதாரண காடி கொண்டு போக முடியாது. உயரமான, நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய வண்டி தேவை.

அண்ணனிடம் அப்படிப்பட்ட இரட்டைக் கதவு பிக்கப் இருந்தது. அண்ணன், என் கணவர், நான், பிள்ளைகள் இருவர், மூன்று நாளுக்கான சாப்பாடு, தண்ணீர், கூடாரம். எல்லாம் சேர்த்து வண்டி ஏறக்குறைய 2,800 கிலோ இருந்திருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கணக்குப் போடப் போகிறோம்.

படகில் ஏறும் முன் எல்லாரும் டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் இறக்கினார். வழக்கமாக 36 பி.எஸ்.ஐ இருக்கும் டயரை 28-க்குக் கொண்டுவந்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறக்கணும்னு போட்டிருக்கே மச்சான்" என்றார் என் கணவர்.

"இதுக்கு மேல இறக்குனா டயர் கெட்டுப்போயிரும். பாருங்க, இப்பவே சப்பையா தெரியுது."

முதல் நாள் அண்ணன் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஓதம் வற்றியிருந்த நேரம். கரை ஈரமாக, கெட்டியாக, திடல் மாதிரி விரிந்து கிடந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. 1935-இல் புயலில் கரை ஒதுங்கிய மகேனோ கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூட்டைப் பார்த்தோம். பழைய இரும்பாக ஜப்பானுக்கு விற்கப்பட்டு இழுத்துச் செல்லப்பட்ட வழியில் கயிறு அறுந்து இங்கே வந்து சேர்ந்த கப்பல் அது. முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக இருந்ததாம். எங்கும் சிக்கவில்லை, எங்கும் தடுமாறவில்லை.

கெட்டி மணல் நம் தவற்றை நமக்குக் காட்டாது. எளிய கேள்விகளாகப் பார்த்துப் பயிற்சி செய்துவிட்டுத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

ஒரு தாளின் மேல் நிற்கும் வண்டி

இப்போது அந்த "ஏன்". வகுப்பில் நான் இதைத் தேர்வுத்தாளை வைத்தே விளக்கினேன்.

2,800 கிலோ எடையை நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 700 கிலோ. அந்த 700 கிலோவும் டயர் தரையைத் தொடும் ஒரு சிறு பரப்பின் வழியாகத்தான் மண்ணுக்குள் போகிறது. அந்தப் பரப்பு எவ்வளவு? டயருக்குள் இருக்கும் காற்றுதான் எடையைத் தாங்குகிறது. ஆகவே எடையைக் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் தொடும் பரப்பு ஏறக்குறைய வந்துவிடும்.

36 பி.எஸ்.ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.53 கிலோ. 700-ஐ 2.53-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 277 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, தாளை இரண்டாக மடித்தால் வரும் பாதியைவிடச் சிறிய இடத்தில் 700 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் வைத்த 28-இல் இது 355 ஆகிறது. பாதித் தாளைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். 15 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினால்? சுமார் 664. முழுத் தாளையும் மிஞ்சிவிடும்.

உண்மையில் டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் போக்கு இதுதான். அழுத்தம் பாதியானால் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வண்டியின் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. மணலின் ஒவ்வொரு துளிப் பரப்பும் சுமக்க வேண்டிய பாரம்தான் குறைகிறது. ஒட்டகத்தின் பாதம் ஏன் அகலமாக இருக்கிறது என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே கதை. குதிகால் உயர்ந்த செருப்போடு மணலில் நடந்து பார்த்த ஆசிரியைகளுக்கு விளக்கமே தேவையில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பலரும் காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நீளமாகிறது. தொடும் தடம் முன்னும் பின்னும் நீண்டு, டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி ஆகிறது. காற்று நிறைந்த உருண்டை டயர் மணலில் ஒரு குழி பறித்து, அந்தக் குழியின் மேட்டில் ஏற முயன்று, ஏறுவதற்குள் அடுத்த குழியைப் பறிக்கிறது. எஞ்சின் முழுச் சக்தியும் இப்படி மேடு ஏறுவதிலேயே போய்விடும். தடம் நீண்டால் மணலின் மேலேயே மிதந்து போகலாம்.

நான்கு சக்கரமும் இழுக்குமே, பிறகென்ன என்று கேட்கலாம். என் மாணவனும் கேட்டான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, அழுத்தம் தவறாக இருந்தால் நான்கு குழி பறிக்கும். இரண்டு சக்கர வண்டி இரண்டு குழி பறிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மணலும் தண்ணீரும்

மணல் வீடு கட்டிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும்: காய்ந்த மணல் நிற்காது, கொஞ்சம் ஈரமான மணல் நிற்கும், தண்ணீரை அள்ளி ஊற்றினால் வீடு கரைந்து ஓடும். கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு வேண்டிய மண்ணியல் பாதி இதற்குள் இருக்கிறது.

காய்ந்த மணலில் ஒரு துகளுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுதல் இல்லை. உராய்வு மட்டுமே. சக்கரம் தள்ளினால் விலகிக்கொடுக்கும். ஈர மணலில் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலங்கள் உண்டாகி, அவற்றின் பரப்பு இழுவிசை துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மணல் முழுக்க நனைந்து இடைவெளி எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் அந்தப் பாலங்கள் மறைந்துவிடும். பாரம் ஏறும்போது துகள்களுக்குப் பதிலாகத் தண்ணீரே பாரத்தை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் நழுவும், கூடவே மணலும் நழுவும்.

கடல் ஓரமாக நடக்கும்போது கால் வைத்த இடத்தைச் சுற்றி ஈர மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்வது போலத் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? 1885-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிவியலாளர் இதை விளக்கினார். நெருக்கமாக அடுக்கப்பட்ட துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். ஏறும்போது இடைவெளி பெருகுகிறது, மேலே இருந்த தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. அலை அடித்து அடித்து இறுக்கிய மணல் ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். நகர வேண்டுமானால் விரிய வேண்டும். மேலே பாரம் இருக்கும்போது விரிவது எளிதல்ல.

ஆகவே ஓட்டுவதற்கு ஏற்ற இடம் ஒரு பட்டைதான். மேலே, உயர் ஓதம் தொட்டுவிட்டுப் போன கோட்டுக்கு மேல், காற்று கொண்டுவந்து கொட்டிய காய்ந்த மணல். கீழே, அலை வந்துபோகும் இடத்தில் ஊறிய மணல். நடுவில் இருக்கும் ஈரக் கெட்டிப் பட்டைதான் சாலை. அந்தச் சாலையைக் கடல் நாளுக்கு இரண்டு முறை அழித்து எழுதுகிறது.

அதோடு, தீவுக்குள் பெய்த மழைநீர் ஓடைகளாகக் கரையை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. சில இடங்களில் அறுத்த கரை அரை மீட்டர் படிக்கட்டு மாதிரி நிற்கும். மேகமூட்டமான நாளில் மணலும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரிவதால், 80-இல் வருகிறவர் கிட்டே வந்த பிறகுதான் பார்ப்பார். அப்போது திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி உருளும். மணலில் சிக்குவதைவிட இதுவே உயிருக்கு ஆபத்து. அனுமதித்த வேகம் 80 என்றால் 80-இல் போக வேண்டும் என்று பொருளில்லை.

இரண்டு மணி நேரம்

இரண்டாம் நாள் எலி ஓடைக்குப் போனோம். பெயரைக் கேட்டு என் மகள் எலியைத் தேடினாள். பளிங்கு மாதிரித் தண்ணீர். மிதவையில் படுத்துக்கொண்டால் ஓடையே நம்மைக் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிள்ளைகள் ஏறி ஏறிப் போய் மிதந்து வந்தார்கள். அன்று பிற்பகல் 3.30-க்கு உயர் ஓதம். உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள் என்பது அங்கே எல்லாருக்கும் சொல்லப்படும் விதி. அதன்படி 1.30-க்குள் நாங்கள் தங்கியிருந்த யூரோங்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு அத்தை" என்றான் அண்ணன் மகன். நான்தான் சரி என்றேன். கிளம்பும்போது மணி 2.

முக்கால் மணி நேரப் பயணம்தானே, 3.30-க்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று நினைத்தோம். நினைப்பில் எங்கே பிழை என்று பிறகுதான் புரிந்தது. கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதம் வரை ஆறு மணி நேரம் என்று கொண்டால், மொத்த உயர்வில் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் 3 பங்கு வீதம், ஐந்தில் 2, ஆறில் 1 பங்கு ஏறும்.

கூட்டிப் பாருங்கள். உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே 12-இல் 9 பங்கு ஏறி முடிந்துவிடுகிறது. முக்கால் பங்கு போய்விட்டது! கரை 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்றும், கடல் மொத்தம் 1.5 மீட்டர் உயர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 75 மீட்டர் அகலச் சாலையில் 56 மீட்டரை அதற்குள் கடல் எடுத்துக்கொண்டுவிடும். முதல் மணி நேரத்தில் 6 மீட்டர்தான் எடுக்கும். அதைப் பார்த்துவிட்டு "மெதுவாத்தான் ஏறுது" என்று நாம் ஏமாந்துபோவோம். மூன்றாம், நான்காம் மணிகளில் 19 மீட்டர் வீதம் எடுக்கும்.

நாங்கள் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் ஈரப் பட்டை வண்டியின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. ஒரு பெரிய அலை வந்தது. உப்புத் தண்ணீர் படக் கூடாது என்று அண்ணன் வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினார். மேலே காய்ந்த மணல். வேகம் சட்டென்று விழுந்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை அழுத்தினார். பின்பக்கம் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது போல இறங்கியது. மறுபடி அழுத்தினார், இன்னும் இறங்கியது. வண்டியின் அடிப்பகுதி மணலைத் தொட்டுவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். அலை நுனி பின்சக்கரத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. மணி 2.20. கடல் ஏற இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. பிள்ளைகளை இறக்கி, மணல்மேட்டின் மேலே உட்கார வைத்தேன். என் மகள் அழவில்லை. "வண்டி முங்கிருமா அம்மா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தண்ணீர் நிற்கும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு அலையும் திரும்பும்போது சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், மிச்சமிருப்பதை ஊற வைக்கும். வண்டி தன் எடையாலேயே இறங்கிக்கொண்டே இருக்கும். கதவு வரை புதைந்த பிறகு அதை எடுப்பது மிகக் கடினம்.

பத்து நிமிடம் கழித்து எங்களுக்கு எதிர்த்திசையில் ஒரு பழைய லேண்ட் க்ரூசர் வந்தது. கூரையில் தூண்டில் கம்புகள். வயதான வெள்ளைக்காரர் இறங்கினார். கயிறு எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "டயரில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?"

அண்ணன் சொன்னார். அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் அழுத்தமானியை எடுத்து ஒரு டயரில் உட்கார்ந்தார். அண்ணனுக்கு ஒரு டயர், என் கணவருக்கு ஒரு டயர். எனக்கு மண்வாரி. 15 வரை இறக்கினோம். சக்கரங்களுக்கு முன்னால் குவிந்திருந்த மணலையும் வண்டியின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்த மணலையும் வாரினேன். பிறகு அவர் சொன்னது மூன்றே விஷயம். லோ ரேஞ்சில் போடு. முன்னால் போகாதே, வந்த தடத்திலேயே பின்னால் போ. சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே காலை எடு.

முதல் முயற்சியில் ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் வாரினேன். இரண்டாம் முயற்சியில் வண்டி எழுந்து பின்னால் போய்க் கெட்டி மணலில் நின்றது. கயிறே தேவைப்படவில்லை. அதே வண்டி, அதே எஞ்சின், அதே மணல், ஸ்டியரிங்கில் அதே அண்ணன். மாறியது காற்று மட்டும்.

அவர் காட்டிய உள்வழியில் ஏறி, மணல்மேடுகளுக்குப் பின்னால் காத்திருந்து, கடல் இறங்கிய பிறகு யூரோங் சேர்ந்தோம். அண்ணன் அன்று இரவு அதிகம் பேசவில்லை.

அவர் சொன்ன மூன்றுக்கும் காரணம்

வந்த தடத்தில் ஏன் பின்னால் போக வேண்டும்? அந்த மணலை வண்டியே வரும்போது அழுத்தி இறுக்கியிருக்கிறது. முன்னால் இருப்பது தொடாத மணல். அதுவும் சக்கரம் தானே தள்ளிக் குவித்த மேடு.

சக்கரம் சுழன்றால் ஏன் காலை எடுக்க வேண்டும்? சுழலும் சக்கரம் மணலைப் பின்னால் வீசிக் குழியை ஆழப்படுத்தும் யந்திரம். அதோடு, அச்சுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல், பிடிப்புக் குறைந்த சக்கரத்தையே அதிகம் சுழலவிடும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்க, பிடிப்பில்லாதது பறித்துக்கொண்டிருக்கும். பூட்டு வசதி உள்ள வண்டிகளில் பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும்.

நிறுத்தும்போதும் பிரேக்கை அழுத்தி நிறுத்தக் கூடாது. அழுத்தினால் முன்சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து, தானே ஓர் அணை கட்டிக்கொள்ளும். காலை எடுத்துவிட்டுத் தானாக நிற்க விட வேண்டும். முடிந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் கிளம்புவது சுலபம்.

கயிறு கட்டி இழுக்கத்தான் வேண்டும் என்றால், இழுவைப் பந்தில் கட்டவே கூடாது. பின்னால் வண்டி இணைக்க வைத்திருக்கும் அந்த இரும்புக் குமிழ், நீளும் பட்டையின் விசையில் முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். ஆள் இறந்திருக்கிறார்கள். சேசிஸில் இதற்கென்றே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும், மற்றவர்கள் தூரமாக நிற்க வேண்டும்.

காற்றை இறக்கியதற்கும் விலை உண்டு. அண்ணனின் பயம் முழுப் பொய்யில்லை. சப்பையான டயரில் கூர்மையாகத் திரும்பினால் டயர் வளையத்திலிருந்து கழன்றுவிடலாம். அப்படியே தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கெடும். அதனால் மணலை விட்டு ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும். 15 என்பது சிக்கிய பிறகு செய்யும் வைத்தியம். சாதாரணமாக மணலில் பலரும் 18, 20 என்று வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் திரங்கானு பக்கம் அப்பாவின் ஹைலக்ஸைக் கடற்கரையில் இறக்கிவிடாதீர்கள். ஆமைகள் முட்டையிடும் கரையில் சக்கரத்தின் பாரம் மணலுக்கடியில் இருக்கும் முட்டைகளை அழுத்தும். குஞ்சு பொரித்துக் கடலைத் தேடிப் போகும்போது, சக்கரத் தடம் அதற்கு மதில் மாதிரி. ஏற முடியாமல் தடத்துக்குள்ளேயே நீளமாக நடந்து, நண்டுக்கோ பறவைக்கோ இரையாகும்.

வகுப்பில்

என் மாணவன் தன் பத்தியைத் திரும்ப எழுதினான். "டயரின் காற்றைக் குறைக்க வேண்டும்" என்ற ஒரே வரி ஆறு வரி ஆனது. "ஏனெனில்", "அதனால்", "இல்லையேல்" மூன்றும் வந்திருந்தன; "வேண்டும்" ஒன்றுதான் இருந்தது. மற்ற பத்து "வேண்டும்"களையும் இப்படியே பிரித்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்ல முடியாத "வேண்டும்" எது என்று அவனே கண்டுபிடித்து இரண்டை அடித்துவிட்டான்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. உயர் ஓதம், தாழ் ஓதம். மாணவர்கள் "அலை ஏறியது" என்று எழுதுகிறார்கள். அலை வேறு, ஓதம் வேறு. அலை நொடிக்கணக்கு, ஓதம் மணிக்கணக்கு. டயர், கியர், பிரேக் ஆகியவற்றை அப்படியே எழுத விடுகிறேன். உருளிப்பட்டை என்று எழுதச் சொன்னால் எழுதுவார்கள், ஆனால் அடுத்த வரியில் அதன் காற்றை இறக்க மறந்துவிடுவார்கள்.

வகுப்புக்கு நான் கொடுத்த கணக்கு இது. ஒரு டிசம்பர் நாளில் காலை 9.40-க்கு உயர் ஓதம். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். எந்த நேரத்துக்குள் கடற்கரையில் பயணம் செய்யலாம்? காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.

பெரும்பாலோர் சரியாகவே போட்டார்கள். அடுத்த உயர் ஓதம் இரவு 10.05. இரண்டு மணி நேரம் கூட்டி, இரண்டு மணி நேரம் கழித்தால், முற்பகல் 11.40 முதல் இரவு 8.05 வரை. பலகையில் எழுதி முடித்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எட்டு மணிக்கு இருட்டிருமே. அந்த அரை மீட்டர் பள்ளம் எப்படித் தெரியும்?"

பலகையில் 8.05-ஐ அழித்துவிட்டு, அங்கே சூரியன் எப்போது மறையும் என்று தேடச் சொன்னேன்.